எருக்கை வெட்டிய வீடு

கடலோரம் இடம் வாங்கியவர்கள் என் கடைக்கு வந்தால் முதலில் கேட்பது ரோஜா. அடுத்தது மல்லிகை. அதற்கப்புறம் செல்போனில் ஏதோ ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி புல்தரை வருமா?" என்பார்கள். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிக் கடலூர் ரோட்டில் முப்பத்திரண்டு வருஷமாக நர்சரி வைத்திருக்கிறேன். முதல் பத்து வருஷம் பொறுமையாகப் பதில் சொன்னேன். இப்போதெல்லாம், "ரோஜாவ ஊட்டிக்கு எடுத்துட்டுப் போங்க, கடலுக்கு எதுக்கு?" என்று எரிந்து விழுகிறேன். "இப்பிடிப் பேசினா எவன் வருவான் கடைக்கு?" என்று என் மனைவி கலைவாணி உள்ளேயிருந்து கத்துவாள்.

அஞ்சலாட்சி முதல் தடவை வந்தபோதும் எரிந்து விழுந்தேன். அதில் தப்பில்லை. விழ வேண்டிய ஒரு நாளில் விழாமல் இருந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பெரிய மார்க்கெட்டில் இருபத்தாறு வருஷம் பூக் கட்டியவள். பூவைக் குவியலாகப் பார்த்திருக்கிறாளே தவிர, செடியாகப் பார்த்தது குறைவு. எதை அளந்தாலும் முழம்தான். கன்றின் உயரத்தையும் கையை மடக்கி, முழங்கை வைத்துத்தான் அளப்பாள். வாய் கொஞ்சம் நீளம். மார்க்கெட்டில் இருந்தவளுக்கு வாய் இல்லாவிட்டால் எப்படி?

"தொளசி ஒண்ணு, கறிவேப்பில ஒண்ணு, செம்பருத்தி ரெண்டு குடுங்கண்ணே" என்றாள்.

"எங்கம்மா வைக்கப் போற?"

"வீராம்பட்டினத்துக்குத் தெக்கால. கடலு நூறு தப்படி."

"அங்க காத்து எத வைக்க விடுதோ அதத்தான் வைக்கணும். உன் இஷ்டம் எதுவும் நடக்காது. கறிவேப்பில ஒரு மாசம் தாங்காது. எடுத்துட்டுப் போயி சாவடிச்சிட்டு, அப்புறம் நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்னு எம்மேல பழி போடாத."

"காத்தா?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வூட்டாண்ட காத்தே இல்லியேண்ணே. வேணும்னா வந்து பாருங்க."

கடலுக்கு நூறு தப்படியில் காற்றில்லை என்று சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். பொய் சொல்கிறாள் என்று நிரூபிப்பதற்காகவே செடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே போனேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. வீட்டின் கிழக்குப் பக்கம் முழுக்க ஒரு வேலி நின்றது. யாரும் வைத்த வேலி இல்லை. கடல் பக்கம் மணலோடு மணலாக அடப்பங்கொடி படர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் எருக்கு, ஆள் உயரம். இடையிடையே தாழை, சப்பாத்திக்கள்ளி. வீட்டுப் பக்கம் நொச்சி, கூரையை எட்டும் உயரத்துக்கு. கடல் பக்கம் தாழ்ந்து, வீட்டுப் பக்கம் ஏறி, சீப்பு வைத்து வாரியது மாதிரி ஒரே சரிவு. கடலிலிருந்து வந்த காற்று அதன்மேல் ஏறி வீட்டுக்கு மேலே போய்விட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் தீக்குச்சி கிழித்தேன். சுடர் அசையவில்லை. முப்பது வருஷம் செடி விற்றவன் சொல்கிறேன், பத்து நிபுணர்களைக் கூட்டி வந்து யோசித்தாலும் அப்படி ஒரு வேலியை அமைக்க முடியாது. அங்கே தேர்வு செய்தது காற்று. தாங்கியது நின்றது, தாங்காதது செத்தது.

அந்த இடம் முன்பு ஒரு சொல்தா குடும்பத்துடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவர்கள் பிரான்சுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் திரும்பவே இல்லை. கேட்பாரில்லாத அந்தப் பதினைந்து வருஷத்தில்தான் வேலி தானாக எழும்பியது.

அஞ்சலாட்சியின் கணவர் தணிகாசலம் உள்ளேயிருந்து வந்து எனக்கு நாற்காலி போட்டார். நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. மில்லில் பஞ்சு உடைக்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை. அங்கே வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். புருவத்தில் இருந்தது குளித்தால் போய்விடும். நெஞ்சுக்குள் போனது போகாது. மில்லை மூடியபோது அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் பணமும் இந்த நெஞ்சும்தான்.

முன்பு ஊருக்குள் சாரம் பகுதியில் அவர்கள் குடியிருந்தது மெயின் ரோட்டை ஒட்டிய வாடகை வீடு. லாரிப் புழுதி. தணிகாசலத்துக்குப் படுத்தால் மூச்சு அடைக்கும். ஆறு வருஷம் சுவரில் சாய்ந்து, மடியில் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். தூசி இல்லாத இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னதால், மில் பணத்தைப் போட்டு இந்த மூன்று சென்ட்டை வாங்கி, ஒற்றை அறையும் சமையல்கட்டும் கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக்கொண்டார்கள். கொரோனா அடங்கிய மறு வருஷம் ஆனியில் குடி வந்தார்கள்.

"வந்த ஏழாம் நாளுண்ணே, மல்லாந்து படுத்துட்டேன்" என்று தணிகாசலம் சொன்னார். ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி சிரித்தார். "காலையில முழிச்சிப் பாத்தா இவ என் மூக்குக்கிட்ட வெரல வச்சிக்கினு குந்தினுருக்கா. போயிட்டேன்னு நெனச்சிட்டா."

"பின்ன? ஆறு வருசமா படுக்காத ஆளு, கட்டை மாரி நீட்டிப் படுத்துக் கெடந்தா என்னான்னு நெனைக்கறது?" என்றாள் அஞ்சலாட்சி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் படுத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கொடுத்த கறிவேப்பிலை வேலியின் மறைவில் ஜோராகத் தழைத்தது. அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்தது. அந்தத் தெருவில் நாலு வீட்டுக் கூரை பறந்தது. இவர்கள் வீட்டில் ஒரு ஷீட்கூட அசையவில்லை. அதைப் பார்த்தாவது எங்களில் யாருக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்கழிப் பனியில் தணிகாசலத்துக்கு லேசாக இழுத்தது. யாருக்கு இழுக்கவில்லை மார்கழியில்? ஆனால் பொங்கலுக்கு அவருடைய அக்கா அன்னக்கிளி வில்லியனூரிலிருந்து வந்து சேர்ந்தாள். வந்தவள் தம்பியின் இருமலைக் கேட்டாள். பின்பக்கம் போய் வேலியைப் பார்த்தாள். பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாளாம்.

"எருக்கு மொளச்ச வூட்லயாடி எந்தம்பியக் குடி வச்சிருக்க? ஒருத்தன் குடும்பம் வௌங்கக் கூடாதுன்னா என்னான்னு சாபம் வுடுவாங்க? உன் வூட்ல எருக்கு மொளைக்கன்னுதான வுடுவாங்க? இங்க மொளச்சி மரமா நிக்குது. அந்தச் சொல்தா குடும்பம் ஏன் ஓடிப்போச்சின்னு இப்பத்தான் தெரியுது. அவன் தேறணும்னா மொதல்ல இத்த எடு!"

எங்கள் ஜனங்களை என்ன சொல்ல! ரதசப்தமிக்கு ஏழு எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளித்தால் புண்ணியம். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை போட்டால் புண்ணியம். அஞ்சலாட்சியே வருஷா வருஷம் நூறு மாலை கட்டி விற்றிருக்கிறாள். அதே எருக்கு வீட்டில் நின்றால் மட்டும் குடி கெட்டுவிடும். சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் அந்த ஜனத்தில் ஒருவன்தான். என் நர்சரியில் எங்காவது எருக்கு தலைகாட்டினால் பல் துலக்குவதற்கு முன்னால் அதைப் பிடுங்கிவிடுவேன்.

தணிகாசலம், "இருந்துட்டுப் போவட்டும்க்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாராம். அதைச் சொல்லும்போதே இருமல் வந்துவிட்டதாம். அதற்குமேல் அவர் பேச்சு எடுபடுமா?

மூன்று வாரம் கழித்து, தை கடைசியில், அஞ்சலாட்சி கடைக்கு வந்தாள். வெயில் நேரம். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்கள ஒண்ணு கேக்கணும். எருக்கு வூட்ல இருக்கலாமா? ஆவாதுன்னு அண்ணி சொல்லுது. அவரு இருக்கட்டும்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க செடி மரம்லாம் தெரிஞ்சவரு. நீங்க சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியும். அந்த வேலியை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. "தொடாதே" என்று ஒரு சொல் போதும். எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி திட்டியவனுக்கு அன்று அந்த ஒரு சொல் வரவில்லை. அவர் நெஞ்சு கெட்டுப்போன மனிதர், இன்றைக்கோ நாளைக்கோ என்று இருப்பவர். நான் வைத்துக்கொள்ளச் சொல்லி, அப்புறம் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எருக்கை வைத்துக்கொள்ளச் சொன்ன நர்சரிக்காரன் என்று அன்னக்கிளி ஊரெல்லாம் சொல்வாளே? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா?

"ஆவாதுன்னுதான் பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க" என்றேன்.

அவள் கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்த எடத்துல வேற என்னா வைக்கலாம்?" என்று கேட்டாள்.

அதற்கு மட்டும் எனக்கு வாய் நன்றாகத் திறந்தது. முன்வரிசையில் சவுக்கு, பின்னால் புன்னை, ஓரத்தில் பூவரசங் கொம்பு என்று விவரமாகச் சொன்னேன். சொன்னது எதுவும் தவறில்லை. உப்புக் காற்றுக்கு அவற்றைவிட நல்ல மரம் கிடையாது. "மூணு வருஷத்துல கோட்ட மாதிரி நிக்கும்மா" என்றேன். அவள் கையை மடக்கிப் புன்னங்கன்றை அளந்து பார்த்தாள். ஒன்றரை முழம் இருந்தது.

மாசி முதல் வாரம் ஜேசிபி வந்தது. அரை மணி நேர வேலை. எருக்கை மட்டும் எடுத்திருந்தால்கூடப் பாதி பிழைத்திருக்கும். வண்டிக்காரன் தாழையில் பாம்பு இருக்கும் என்று அதையும் வாரினான். கூடவே நொச்சியும் போயிற்று. மணலைப் பிடித்து வைத்திருந்த அடப்பங்கொடியைச் சுத்தம் என்ற பெயரில் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி எடுத்துவிட்டான். நான் கன்றுகளோடு போனபோது வீட்டின் பின்வாசலிலிருந்து கடல் பளிச்சென்று தெரிந்தது. அன்னக்கிளி திருஷ்டிப் பூசணி உடைத்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்தது. எங்கள் கடற்கரையில் பங்குனி, சித்திரை என்றால் பகல் பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று கிளம்பும், இருட்டும் வரை நிற்காது. ஊருக்குள் இருப்பவர்கள் அதை வரம் என்பார்கள். மணல் காய்ந்து கிடக்கும் கரையில் இருப்பவர்களுக்கு அது வேறு. சித்திரையில் அஞ்சலாட்சி ஒரு பையில் செம்பருத்தி இலைகளையும் கறிவேப்பிலைக் கொத்தையும் போட்டு எடுத்து வந்தாள். எல்லாம் ஓரம் கருகி, காகிதம் மாதிரி நொறுங்கின.

"இது என்னா நோவுண்ணே?"

"நோவு இல்லம்மா, உப்பு" என்றேன். பிறகு, கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "அவரு எப்பிடி இருக்காரு?"

"குந்தினுதான் தூங்கறாரு" என்றாள்.

அன்றே போனேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய புடவையைத் திணித்திருந்தாள். அப்படியும் தரையில் மணல். சோற்றுப் பானையின் மூடிமேல் மணல். ஒரு நாளைக்கு ஆறு தடவை பெருக்குகிறாளாம். பெருக்கினால் தூசி எழும்புகிறது என்று, இப்போது ஈரத் துணியால் துடைக்கிறாளாம். தணிகாசலம் சுவரில் சாய்ந்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மில்லில் இருந்த மாதிரியே அவர் புருவம் வெளுத்திருந்தது. நானும் என் ஆள் முகிலனும் இரண்டு நாள் நின்று, சவுக்குக் கட்டை நட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி அடைத்தோம். நாலாம் நாள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பச்சை வலை கட்டினோம். வலைக்குள் மணல் புகுந்தது. பதினைந்து வருஷத்தில் எழும்பியதை இரண்டு நாளில் கட்டப் பார்த்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"சாரத்துக்கே திரும்பிப் போயிடுங்களேன்" என்றேன்.

"வேணாம்ணே" என்றார் தணிகாசலம். "இங்கதான் படுத்துத் தூங்கனேன். திரும்பத் தூக்கம் வந்தா இங்கதான் வரும்."

வைகாசிக் கடைசியில் அவரைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது அஞ்சலாட்சி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஆக்சிஜன் குழாயை ஒரு கையால் நகர்த்திக்கொண்டு, இன்னொரு கையால் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணே."

"எதங்க?"

"வேலிய." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்காவத்தான் வெட்னா. மண்ணுதான் என்ன எடுக்குதுன்னு... தெரிஞ்சா தாங்கமாட்டா. விதின்னு இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அவருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச அவருக்கு மூச்சு இல்லை. எனக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனி ஐந்தாம் தேதி தணிகாசலம் போய்விட்டார், உட்கார்ந்தபடியே.

சாவு வீட்டில் அஞ்சலாட்சி அழவில்லை. பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் நடுவில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எருக்கு போன பிறகும் அதன் தோஷம் விடவில்லை என்று அன்னக்கிளி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு மூலையில் நின்றுவிட்டு வந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து, ஆடியில் ஒரு காலை அவள் கடைக்கு வந்தாள். கலைவாணி நாற்காலி போட்டாள். உட்காரவில்லை.

"அண்ணே, மெய்யச் சொல்லணும். எல்லாரும் விதி விதின்றாங்க. அவரும் ஆஸ்பத்திரில அதத்தான் சொன்னாரு. அந்த வேலி இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரா?"

தணிகாசலத்துக்குத் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் தடவையும் மழுப்ப என்னால் முடியவில்லை.

"இருந்திருப்பாரும்மா" என்றேன். "எத்தினி வருஷம்னு சொல்ல முடியாது. நெஞ்சு ஏற்கெனவே போனதுதான். ஆனா இந்தக் கோடையில போயிருக்க மாட்டாரு."

அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதமாக வராத அழுகை. கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்ணே?"

"வெட்டறதுக்கு முன்னாடியே தெரியும்மா."

"நான் வந்து கேட்டனே."

"கேட்ட."

"அப்ப ஏன் சொல்லல?"

"பயந்துட்டேம்மா. வச்சிக்கன்னு சொல்லி, அவருக்கு எதுனா ஆயிட்டா பழி எம்மேல வரும்னு வாய மூடிக்கினேன்."

கலைவாணி என்னைப் பார்த்தாள். இந்த விஷயத்தை அவளிடம்கூட நான் சொன்னதில்லை. அஞ்சலாட்சி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மார்க்கெட்டில் பழகிய வாய், இரண்டு வார்த்தை நறுக்கென்று விழுந்திருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"வெட்ட எனக்கு மனசே இல்லண்ணே" என்றாள். "நீங்க ஒருத்தராவது வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்கு அவ்ளோ தூரம் வெய்யில்ல வந்தேன். சொல்லியிருந்தா, அண்ணிய நான் சமாளிச்சிருப்பேன்."

அதன்பின் அவள் என் கடைக்கு வரவில்லை. அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். போன மாதம் அந்தப் பக்கம் ஒரு பங்களாவுக்குச் செடி கொண்டுபோனபோது பார்த்தேன், மண்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புன்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் செய்தது சரிதான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு, பங்களாவில் செடிகளை இறக்கப் போனேன்.